நரம்பியல் சத்திரவைத்தியர் பா. இராமமூர்த்தியும் அவர் வகுத்த பயிற்சி நெறியும்

தோற்றுவாய்

சத்திரவைத்தியர் ஒருவரின் பெருமையை அவர் காத்த உயிர்களின் தொகை கொண்டு அளத்தல் உலக வழக்கு. அவ்வளவை ஓரளவிற்குப் பொருந்துமாயினும் குறைபாடுடையதே. ஒருவர் தம் இரு கைகளாற் செய்யக்கூடிய சிகிச்சைக்கு ஓர் எல்லை உண்டு. அக்கைகள் ஓய்ந்த நாளில் அத்தொகையும் நின்றுவிடுகிறது. தாம் அரிதிற் கற்ற கலையைப் பிறர் முறையாகக் கற்றற்குரிய நெறியொன்றை வகுத்து, அந்நெறியைத் தம் நாட்டிலேயே நிலைபெறச் செய்பவருக்கோ அவ்வெல்லை இல்லை. அவர் பயிற்றிய கைகளும், அக்கைகள் பயிற்றிய கைகளும் அவருக்குப் பின்னரும் உயிர் காக்கின்றன. தமிழ்நாட்டில் நரம்பியல் சத்திரவைத்தியத்தைத் தோற்றுவித்து வளர்த்த டொக்டர் பா. இராமமூர்த்தி (1922–2003) இத்தகையோருள் ஒருவர்.

இப்பொருள் தீவகத்தார்க்குப் புறம்பானதொன்றன்று. பனை மரத்திலேறிச் சீவல் தொழில் செய்வோர் தவறி வீழ்தலும், வீதி விபத்தில் தலை அடிபடுதலும் இப்பகுதி மக்கள் அறிந்தனவே. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் உள்ளோர் பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாண நகரை அடையலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ளோர் முதலிற் குறிகட்டுவான் துறைக்குப் படகிற் கடலைக் கடந்தாக வேண்டும். கச்சான் காற்று மிக்க நாளில் அக்கடல் எத்தகையது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தலைக்காயம் பட்டவனுக்கோ காலமே மருந்து.

தலையின் பக்கவாட்டில், காதுக்குச் சற்று முன்னும் மேலும் உள்ள எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தே மூளையுறைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியொன்று ஓடுகிறது. எலும்பு வெடிக்கும்போது அந்நாடி கிழிபட்டால், எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசிந்து கட்டியாகும். வீழ்ந்தவன் சிறிது நேரம் நினைவிழந்து கிடப்பான். பின்னர் எழுந்து உற்றாரோடு பேசுவான். நீரும் கேட்டுப் பருகுவான். யாதொரு கேடுமில்லையென்று வீட்டார் ஆறுதலடைவர். சில மணி நேரத்திற்குள் தலைவலி மிகும், வாந்தி உண்டாகும், உறக்கம் போன்ற மயக்கம் சூழும், ஒரு கண்ணின் பாவை விரியும். திரண்ட இரத்தம் மூளையை நெருக்குவதன் அறிகுறிகள் இவை. அந்நிலையில் மண்டையோட்டைத் துளைத்து அவ்விரத்தக் கட்டியை அகற்றும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருப்பாராயின், அவன் பெரும்பாலும் முழு நலம் பெற்று வீடு திரும்புவான். அத்தகையவர் இல்லாவிடின் உயிரிழப்பான். மூளைக்கு அதுவரை யாதொரு சிதைவும் நேராதிருந்தும் அவன் இறக்கிறான் என்பதே இதிலுள்ள துயரம்.

எனவே, பயின்ற கைகள் எத்தனை உள, அவை எங்கே உள, அவற்றைப் பயிற்றுவது எங்ஙனம் என்னும் வினாக்கள் உயிரோடு தொடர்புடையன. இராமமூர்த்தியின் வாழ்நாள் முழுவதும் இவ்வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது எனலாம்.

பிறப்பும் கல்வியும்

இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், திருஞானசம்பந்தர் அவதரித்த தலமாகிய சீகாழியிற் பிறந்தார். தந்தையாரும் அரசாங்க சேவையிலிருந்த மருத்துவரே. திருச்சிராப்பள்ளியிற் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த இவர், அங்குப் பரிசில்கள் பலவற்றைப் பெற்ற மாணவராக விளங்கினார். பின்னர்ப் பொதுச் சத்திரவைத்தியத்தில் எம்.எஸ். பட்டமும், எடின்பரோ சத்திரவைத்தியக் கல்லூரியின் எவ்.ஆர்.சி.எஸ். தகுதியும் எய்தினார்.

அக்காலத்தில் இந்தியாவிலே மூளையையும் முள்ளந்தண்டு நாணையும் தனித்துறையாகக் கொண்டு சிகிச்சை செய்யும் பிரிவுகள் இல்லை. பொதுச் சத்திரவைத்தியர் சிலர் வேண்டியபோது மண்டையோட்டைத் திறந்ததுண்டு. ஆயினும் அதனையே வாழ்நாட் பணியாகக் கொண்டார் இலர். மேலைநாடுகளிலோ ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்கப் பேரறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்துறைக்கு வரம்பு கோலிவிட்டார். இந்திய விடுதலைக்குப் பின்னர், சென்னை அரசாங்கம் இராமமூர்த்தியைத் தெரிந்தெடுத்து இத்துறையிற் பயிற்சி பெறுமாறு வெளிநாட்டிற்கு அனுப்பியது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோபொதம் என்பாரிடம் அவர் பயின்றார். தலைக்காயங்கள் பற்றித் தனிநூல் எழுதிப் பெயர்பெற்றவர் அந்த ஆசிரியர். பின்னர்க் கனடா நாட்டின் மொன்றியல் நகருக்குச் சென்று, வைல்டர் பென்பீல்ட் நிறுவிய நரம்பியல் நிறுவனத்திற் சில மாதம் தங்கினார். வலிப்பு நோயாளரை விழிப்பு நிலையிலேயே வைத்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தாற் தூண்டி, பேச்சும் அசைவும் உணர்வும் எவ்வெவ்விடத்தைச் சார்ந்தன என்று பென்பீல்ட் கண்டறிந்தது மருத்துவ வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. இராமமூர்த்தியின் பிற்காலப் பணிக்கு அதனினும் முதன்மையாக உதவியது அந்நிறுவனத்தின் அமைப்பே. 1934ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்நிறுவனத்திலே மருந்தால் நோய் தீர்ப்போரும், சத்திரத்தால் நோய் தீர்ப்போரும், நோயுற்ற இழையங்களை ஆராய்வோரும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வோரும் ஒரே கூரையின் கீழ் இயங்கினர்.

சென்னையில் தொடக்கம்

1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி நரம்பியல் சத்திரவைத்தியப் பணியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதற்கு முந்திய ஆண்டாகிய 1949இல், டொக்டர் ஜேக்கப் சாண்டி என்பார் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையை நிறுவியிருந்தார். அவரும் மொன்றியலிற் பயின்றவரே. இவ்வாறு இந்தியாவில் இத்துறையின் முதல் இரு நிலையங்களும் தமிழ்நாட்டிலேயே தோன்றின. வேலூர் நிலையம் சமயத் தொண்டர் நடத்திய கல்லூரியைச் சார்ந்தது. சென்னை நிலையமோ காசின்றி வரும் ஏழை மக்களுக்குரிய அரசாங்க ஆஸ்பத்திரியைச் சார்ந்தது.

அந்நாளைய இடர்ப்பாடுகளை இன்றைய மாணவர் கருதிப் பார்த்தல் நன்று. மூளையைப் படலம் படலமாகப் படம்பிடித்துக் காட்டும் சி.ரி. கருவி 1971ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் மூளையினுள்ளே கட்டி இருக்குமிடத்தை அறிய முதன்மையான வழிகள் இரண்டு. மண்டையோட்டிற் சிறு துளையிட்டு, மூளையின் உள்ளறைகளிலுள்ள நீரை எடுத்துக் காற்றைச் செலுத்தி, எக்ஸ்றே படம் எடுப்பது ஒன்று. கழுத்து நாடியில் நிறப்பொருளைச் செலுத்தி, இரத்தக் குழாய்கள் எப்பக்கம் விலகியுள்ளன என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டும் நோயாளிக்குத் துன்பமும் இடரும் தருவன. ஆதலால், நோயாளியின் நடையையும் பேச்சையும் பார்வையையும் கைகால்களின் வலிமையையும் நுணுகி ஆராய்ந்து, நோயின் இடத்தை முன்னரே துணியும் திறமையே வைத்தியரின் முதற் கருவியாயிற்று. இத்திறமை நூலிலிருந்து வருவதன்று. தேர்ந்த ஆசிரியரோடு நோயாளியின் படுக்கையருகே பல்லாண்டு நின்று பெறுவது.

நாட்டு நோயும் நாட்டுப் பயிற்சியும்

வெளிநாடு சென்று கற்றுவந்த ஒருவர், தம் மாணவரையும் அவ்வாறே வெளிநாட்டிற்கு அனுப்பியிருக்கலாம். இராமமூர்த்தி அங்ஙனம் கருதவில்லை. பயிற்சி பெரும்பாலும் நாட்டிலேயே நிகழவேண்டும் என்பதற்குப் பொருட்செலவு ஒன்று மட்டும் காரணமாகாது. நோய்களே வேறுபட்டன என்பது அதனினும் வலிய காரணம்.

மேலைநாட்டு நூல்களை மட்டும் கற்ற ஒருவர், மூளையில் வளரும் கட்டியென்றால் பெரும்பாலும் புற்றுநோய் போன்ற வளர்ச்சிகளையே எண்ணுவர். சென்னையிலோ மூளைக் கட்டியோடு வந்தவர் பலருக்கு இருந்தது காசநோய்க் கிருமியால் உண்டாகும் கட்டி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அக்காலத்தில் அது அருகிவிட்டது. அதனை அகற்றும்போது கிருமி பரவி மூளையுறை அழற்சி உண்டாகி நோயாளி இறத்தல் முன்னர் வழக்கம். ஸ்ரெப்ரோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின் அவ்விடர் குறைந்தது. இக்கட்டிகளை அறிந்துகொள்ளும் முறை பற்றி இராமமூர்த்தி 1961ஆம் ஆண்டு அமெரிக்க நரம்பியல் சத்திரவைத்திய இதழிற் கட்டுரை வெளியிட்டார். மேலைநாட்டார் மறந்துவிட்டதொரு நோயைப் பற்றிச் சென்னை மருத்துவமனையொன்று உலகிற்குக் கற்பித்தது.

மகப்பேற்றின் பின் தாய்மாருக்கு மூளையின் நாளங்களில் இரத்தம் உறைந்து வலிப்பும் வாதமும் உண்டாதல், கழுத்தின் முதல் இரு முள்ளெலும்புகளும் பிறவியிலேயே பொருந்தாது நழுவி நாணை நெருக்குதல் ஆகியனவும் இந்திய நாட்டில் மிகுதியாகக் காணப்பட்டவை. இவற்றை இலண்டனிலோ மொன்றியலிலோ பயிலும் மாணவர் அரிதாகவே காண்பர். தம் மக்களுக்கு வரும் நோயைத் தம் மக்களிடையே இருந்தே கற்க வேண்டும் என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

குழுவாக இயங்குதல்

மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கு என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் அந்நால்வகையில் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது. நரம்பியல் சத்திரவைத்தியத்திற் பிற துறைகளிலும் மிகுதியாக இவ்வுண்மை விளங்குகிறது. கத்தி பிடிப்பவர் எத்துணை வல்லவராயினும், மயக்க மருந்து கொடுப்பவரும், இழையத்தை நோக்கி நோயைத் துணிபவரும், பின்னர் இரவும் பகலும் நினைவின் ஏற்றத்தாழ்வைக் குறித்துப் பேணும் தாதியும், முடங்கிய கைகால்களைப் பழக்குபவரும் இல்லையெனில் அவர் முயற்சி வீணாகும்.

1951ஆம் ஆண்டிற் சென்னையில் இந்திய நரம்பியற் சங்கம் தோன்றியபோது, அதனைத் தோற்றுவித்தவர் நால்வர். சாண்டியும் இராமமூர்த்தியும் சத்திரவைத்தியர், பல்தேவ் சிங் மருந்தால் நரம்பு நோய் தீர்ப்பவர், எஸ். டி. நரசிம்மன் மூளை மின்னலை ஆய்வில் வல்லவர். பிற நாடுகளில் வெவ்வேறு சங்கங்களாகப் பிரிந்து நின்ற துறைகள் இங்கு ஒரு சங்கமாகவே தொடங்கின. இரண்டாண்டுகளில் அச்சங்கத்தின் ஆய்விதழும் வெளிவரலாயிற்று. நாடெங்கும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருந்த காலத்தில் இவ்வாறு கூடியமை, துறைக்குப் பொதுவான தரமொன்றை வகுக்க உதவியது.

இக்கொள்கையின் முழு வடிவமே சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1970களில் உருவான நரம்பியல் நிறுவனம். மொன்றியலில் இளமையிற் கண்ட அமைப்பை, அரசாங்க மருத்துவமனையின் எல்லைக்குள், ஏழை நோயாளருக்கென அவர் அமைத்தார். பயிலும் மாணவன் ஒரு நோயாளியைப் புறநோயாளர் பிரிவிற் கண்டு, சத்திரசிகிச்சையில் உதவி, அகற்றிய கட்டியை நுண்ணோக்கியின் கீழ் நோக்கி, அந்நோயாளி மீண்டும் நடக்கும் வரை தொடர்ந்து கற்க இவ்வமைப்பில் வாய்ப்புண்டு.

ஐந்தாண்டுப் பயிற்சி

நிபுணராவதற்கு வழக்கமான பாதை நீண்டது. எம்.பி.பி.எஸ். முடித்த பின்னர்ப் பொதுச் சத்திரவைத்தியத்தில் எம்.எஸ். பட்டம் பெறவேண்டும், அதன்மேல் எம்.சி.எச். என்னும் உயர்பட்டத்திற்குப் பயிலவேண்டும். இடையிடையே இடம் கிடைக்கக் காத்திருக்கும் காலமும் உண்டு. இவ்வழியில் ஒருவர் தனித்துறையிற் கால்வைக்கும்போது முப்பது வயதை நெருங்கிவிடுவார். குடலையும் பித்தப்பையையும் அறுத்துப் பழகிய ஆண்டுகளின் பயன் மூளையின் துறையில் ஓரளவே.

இளமையிலேயே தகுதியுடையாரைத் தெரிந்து, எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேரடியாக ஐந்தாண்டுத் தொடர்பயிற்சி அளித்து, நரம்பியல் சத்திரவைத்தியராக்கும் முறையை இராமமூர்த்தி சென்னையில் நிலைநிறுத்தினார். பொதுச் சத்திரவைத்தியத்தின் அடிப்படையையும், நரம்பு நோய் மருத்துவத்தையும், உடற்கூறு முதலிய அடிப்படை அறிவியலையும் முதற்கண் கற்பித்துப் பின்னர்த் தனித்துறையில் ஆழச் செய்வது இதன் ஒழுங்கு.

இதற்கு மறுப்புரைத்தாரும் உளர். பொதுச் சத்திரவைத்தியத்தில் முழுத் தேர்ச்சி பெறாதவர், விபத்தில் வயிறும் மார்பும் கூடக் காயமுற்று வருபவரை எங்ஙனம் கையாள்வர் என்பது அவர்தம் வினா. இருபத்து மூன்று வயதில் ஒருவர் தம் வாழ்நாட் துறையைத் துணிந்துவிடுதல் தகுமா என்பதும் வினவத்தக்கதே. இம்மறுப்புக்கள் எளிதிற் தள்ளத்தக்கனவல்ல. ஆயினும், நிபுணர் மிகச் சிலராகவும் நோயாளர் எண்ணிலராகவும் இருந்த நாட்டில், ஓர் இளைஞரின் சிறந்த ஆண்டுகளைக் காத்திருப்பிற் கழிக்கவிடலாகாது என்பதே சென்னை நெறியின் விடை. எம்.எஸ். முடித்து வருவோர்க்குரிய பழைய பாதையும் மூடப்படாது உடன் நிலவியது. இன்றும் இந்தியாவில் இவ்விரு பாதைகளும் உள்ளன.

இந்நெறிக்கு நூலும் வேண்டியிருந்தது. புதுதில்லியின் பி. என். தாண்டனுடன் சேர்ந்து இராமமூர்த்தி பதிப்பித்த நரம்பியல் சத்திரவைத்தியப் பாடநூல் 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தியப் பேராசிரியர் பலர் எழுதிய அந்நூலில், மேலைநாட்டு நூல்கள் சில வரிகளிற் கடந்துபோகும் நோய்களுக்குத் தனி இயல்கள் அமைந்தன.

மாணவரும் உடனுழைத்தாரும்

சென்னைப் பள்ளியிற் தோன்றியவருள் டொக்டர் டி. எஸ். கனகா (1932–2018) தனியே குறிப்பிடத்தக்கவர். சத்திரவைத்தியம் ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட காலத்தில் இத்துறையிற் புகுந்து, 1968ஆம் ஆண்டு எம்.சி.எச். பட்டம் பெற்று, இந்தியாவின் முதற் பெண் நரம்பியல் சத்திரவைத்தியராக அவர் விளங்கினார். உலகிலும் அத்தகைய பெண்மணிகள் அந்நாளில் மிகச் சிலரே. வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் முதலியோரும் இக்குழுவைச் சேர்ந்தோர்.

மண்டையோட்டிற் சட்டமொன்றைப் பொருத்தி, அளவைகளைக் கணித்து, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை ஊசிமுனையால் அடையும் முறையில் இக்குழு 1960களில் பெயர்பெற்றது. நடுக்குவாத நோயாளர் பலர் இதனால் நலம் பெற்றனர். கட்டுக்கடங்காத நடத்தையுடையார்க்கும் இக்குழு இம்முறையைக் கையாண்டு, அதுபற்றிக் கட்டுரைகளும் வெளியிட்டது. நடத்தையை மாற்றும் பொருட்டு மூளையைத் தீண்டலாமா, அதற்கு நோயாளியின் இசைவு எங்ஙனம் பெறப்படும் என்னும் அறவினாக்கள் பின்னர் உலகெங்கும் எழுந்தன. புதிய மருந்துகளும் வந்தன. அவ்வகைச் சிகிச்சைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஒரு பள்ளியின் வரலாற்றை எழுதுங்கால் அதன் வெற்றிகளோடு இதனையும் கூறுதலே முறை. கற்பிக்கப்படுவது கைத்திறன் மட்டுமாயின் பயிற்சி நிரம்பாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பிற்காலம்

அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், டொக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டு நிறுவிய அடையாற்றுத் தன்னார்வ மருத்துவ சேவை நிலையத்தில் நரம்பியல் பிரிவொன்றை இராமமூர்த்தி வளர்த்தார். வருவாய்க்கேற்பப் பொருள் பெற்று, வறியவர்க்கும் நிபுணர் சிகிச்சை அளிப்பது அந்நிலையத்தின் கொள்கை. 1989ஆம் ஆண்டு உலக நரம்பியல் சத்திரவைத்தியர் மாநாடு புதுதில்லியிற் கூடியபோது அதன் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். நாட்டில் இத்துறை தொடங்கி நாற்பது ஆண்டுக்குள் உலகத்தார் இங்கு வந்து கூடினர். இந்திய அரசாங்கம் பத்ம பூஷண் விருதளித்து அவரைச் சிறப்பித்தது. மூளைக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பு பற்றியும், யோகப் பயிற்சி பற்றியும் முதுமையில் அவர் ஆராய்ந்தார். வழி முழுவதும் ஏற்றமே எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தம் வரலாற்றை எழுதினார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

முடிவுரை

இவ்வரலாற்றால் இலங்கைத் தமிழ் மாணவர் அறியத்தக்கது யாது? இலங்கையிலும் நெடுங்காலம் நிபுணத்துவத் தகுதியென்றால் இங்கிலாந்து சென்று பெறும் பட்டமே என்றிருந்தது. சென்றோர் பலர் திரும்பினர், திரும்பாதோரும் பலர். 1980ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அமைந்த பின்னரே நிபுணர்க்குரிய பயிற்சியும் தேர்வும் நாட்டிற்குள் வேரூன்றின. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1978இல், யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. போரும் இடப்பெயர்வும் வைத்தியர் பலரை வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்ற காலத்திலும் அப்பீடம் மாணவரைப் பயிற்றியமை வடபகுதி மக்கள் நன்றியோடு நினைக்கத்தக்கது.

தீவுகளுக்கும் நகருக்கும் இடைப்பட்ட கடலைச் சுருக்க இயலாது. நகரில் நிற்கும் பயின்ற கைகளின் தொகையைப் பெருக்கவும், தீவக மருத்துவமனையிலுள்ள இளம் வைத்தியர் தலைக்காயத்தின் அறிகுறிகளைக் காலத்தில் உணர்ந்து அனுப்பும் அறிவைப் பெறவும் இயலும். இரண்டும் பயிற்சியால் ஆவன. இன்று கல்லூரி வகுப்பறையில் உயிரியல் கற்கும் தீவக மாணவருட் சிலர் நாளை நிபுணராவர். அவர்கள் எத்துணைச் சிறந்த சிகிச்சை செய்தனர் என்பதோடு, தமக்குப் பின் எத்தனை பேரைத் தம் மண்ணிற் பயிற்றி நிறுத்தினர் என்பதையும் இவ்வூர்கள் கேட்கும்.